நெமிலிக்குப் போன பொம்மை வீடு

அந்தப் பொம்மை வீட்டை என் கணவர் ஆம்பூருக்குக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கியபோதே எனக்குப் பகீரென்றது. ராணிப்பேட்டையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பங்களாவைக் காலி செய்தபோது பழைய சாமான்களோடு விற்றார்களாம். கூரையில் பாதியைக் காணோம். மாடிப்படியைக் கறையான் தின்றிருந்தது. முன்சுவரைத் தொட்டேன், சுவர் முழுவதும் கதவுபோலத் திறந்துகொண்டது. அடுப்பு, கட்டில், குளிக்கும் தொட்டி எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தன.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா எட்டிப் பார்த்து, "யா அல்லா! இன்னா வீடு இது? தெருவுல போறவனெல்லாம் பாப்பானே!" என்று தன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே இருந்தவை இரண்டு மரப்பொம்மைகள்தான்.

விறகுக்குக்கூட ஆகாததைத் தூக்கிவந்தாரே என்று நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் அதன் முன்னால் உட்கார்ந்த எங்கள் மகள் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பதினோரு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரியவளாகும் வரை எங்களோடு இருப்பாள், அப்புறம் நெமிலியில் மாமியார் வீட்டுக்குப் போவாள் என்று பேச்சு. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது, நானும் அப்படிப் போனவள்தான்.

மூன்று பேரும் சேர்ந்து அதைப் பழுதுபார்த்தோம். என் கணவர் தான் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியில் கழித்துப் போட்ட ஆட்டுத்தோல் துண்டுகளைக் கொண்டுவந்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சிக் கூரையில் ஒட்டினார். அந்த நாற்றத்தில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டிப் பலகையை அறுத்துப் படி செய்தோம். மகள் ஒவ்வொரு படியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், மூக்கு நுனியெல்லாம் மரத்தூளாக.

கடைசி ஜன்னலுக்குப் பச்சை அடிக்கும்போது அவள் பெரியவளானாள். இவ்வளவு சீக்கிரமா என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். நல்ல நாள் பார்த்துச் சம்பந்தி வீட்டார் வண்டியோடு வந்து நின்றார்கள்.

"பொம்ம வீடும் கூட வரும். இல்லன்னா எம் பொண்ணு வரமாட்டா" என்றேன்.

"குடும்பம் பண்ணப் போற பொண்ணுக்கு பொம்ம எதுக்கு?" என்றார் சம்பந்தியம்மாள்.

நான் விடவில்லை, சண்டைபோட்டு ஏற்றினேன். அது பக்கத்தில் இருந்தால் என் பெண் இன்னும் கொஞ்ச காலம் குழந்தையாக இருப்பாள் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை மட்டும் இல்லையென்றால் அவளை அனுப்பியிருக்கவே மாட்டேன்.

சில மாதம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். அரக்கோணத்தில் ரயிலை விட்டிறங்கி, மாட்டுவண்டி பிடித்து நெமிலி போய்ச் சேர்ந்தேன். பொம்மை வீடு கூடத்தில் இல்லை, உள்ளறையிலும் இல்லை. கொல்லையில் வைக்கோல்போர் ஓரமாகச் செங்கல் மேல் இருந்தது. முன்சுவரைத் திறந்தேன். நடுச்சுவர்கள் இல்லை, படி இல்லை. வைக்கோல் மேல் ஒரு கோழி உட்கார்ந்து என்னை முறைத்தது.

"கொழந்த உசுரா வச்சிருந்தத கோழிக்கூண்டா ஆக்கிட்டீங்களே! நீங்கெல்லாம் மனுசங்களா?" என்று சம்பந்தியம்மாளைப் பார்த்துக் கத்தினேன்.

இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு என் மகள் வந்தாள்.

"அத்தைய ஏம்மா திட்டற? நான்தான் செஞ்சேன்."

"நீயா?"

"நடுவுல செவுரு இருந்தா கோழி திரும்ப முடியல. ஒடச்சு எடுத்துட்டேன்."

"பொம்மைங்க எங்கடி?"

"தெரிலமா. எங்கனா கெடக்கும்."

அடக்க முடியாமல் சத்தமாக அழுதுவிட்டேன். அவள் அவசரமாக என் கையைப் பிடித்தாள்.

"கத்தாதம்மா, அடைக்கோழி எழுந்துரும்."

முன்சுவரைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, "கை கால் கழுவிட்டு வா, சாப்புடலாம்" என்று விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட ஆகவில்லை.