கேள்விகளின் வரிசை

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நான் பகலில் மொழிபெயர்ப்பாளன், மாலையில் கணித மாணவன். லண்டனில் அகதி மனு விசாரணைகளில் எங்கள் ஆட்கள், அதாவது இலங்கைத் தமிழர்கள், சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன். பிறகு ரயில் பிடித்து ஓடிப்போய், குவாண்டம் கணினி பற்றிய வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கொட்டாவி விடுவேன். இரண்டிலும் கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு. ஒரு சொல்லைக் கூட்ட மாட்டேன், ஒரு சொல்லைக் குறைக்க மாட்டேன். மற்றவர்கள் இரக்கப்பட்டுப் பேச்சை மெருகேற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஒரு கார்த்திகையில் விசாரணைக்கு வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முதல் விசாரணையில் அதிகாரி எடுத்த எடுப்பிலேயே, திரும்பிப் போகப் பயமா என்று கேட்டார்.

"ஓம், சரியான பயம்" என்றார் அவர். அப்படியே சொன்னேன்.

இரண்டாவது விசாரணையிலும் நான்தான், அதிகாரி வேறு. அந்த அதிகாரி இவருடைய செத்துப்போன தம்பியைப் பற்றிக் கேட்பதில் தொடங்கினார். தம்பியை எங்கே பிடித்தார்கள், உடலை யார் அடையாளம் காட்டியது, என்னென்ன காயங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இதுவே. அடையாளம் காட்டியவர் இவர்தான். காயங்களை ஒவ்வொன்றாகத் தன் உடம்பில் தொட்டுக் காட்டினார். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது, திரும்பிப் போகப் பயமா என்று.

"இனி எனக்கென்ன பயம்" என்றார்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். செத்த வீட்டில் இப்படித்தான் பேசுவோம். இழக்க இனி ஒன்றுமில்லை என்கிற துக்கம் அது, கேள்விக்குப் பதில் அல்ல. ஆனால் விளக்கம் சொல்வது என் வேலை அல்லவே. "இப்போது எனக்குப் பயமில்லை" என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அதே வாரம் வகுப்பில் பேராசிரியை பலகையில் மாட்ரிக்ஸ் எனப்படும் எண் கட்டங்கள் இரண்டைப் பெருக்கிக் காட்டினார். இதை முதலில், அதைப் பிறகு என்றால் ஒரு விடை. வரிசையை மாற்றினால் வேறு விடை. இரண்டை மூன்றால் பெருக்கினாலும் மூன்றை இரண்டால் பெருக்கினாலும் ஆறு என்கிற நிம்மதி குவாண்டம் கணினியில் கிடையாது. அங்கே ஒன்றை அளப்பதே அதை மாற்றிவிடுகிறது, அடுத்த அளவு அந்த மாறிப்போனதைத்தான் அளக்கிறது. மனிதரிடம் கேள்வி கேட்பதற்கும் இதே கணிதத்தை எழுதிப் பார்க்கிற உளவியலாளர்கள் இருக்கிறார்கள் என்று போகிற போக்கில் சொன்னார். வகுப்பில் சிரித்தார்கள். எனக்கு அவருடைய இரண்டு பதில்களும் நினைவுக்கு வந்தன. அன்றே அந்த அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அந்த மனுசன் பொய் சொல்லவில்லை, கேள்விகளின் வரிசைதான் மாறியது என்று. நான் எழுதவில்லை.

மாசி மாதம் வெம்பிளியில் மரக்கறிக் கடையில் அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு கடிதம்.

"தம்பி, நீங்கள்தானே அண்டைக்கு வந்தது? இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

கத்தரிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. முதலில் பயம் என்றவர் பிறகு பயமில்லை என்றதால் அவர் சொன்ன எதையும் நம்ப முடியாதாம். என் ஆங்கில வாக்கியம் மேற்கோள் குறிக்குள் அப்படியே கிடந்தது.

"அண்ணை, நான் பிழை விட்டிட்டன்" என்றேன்.

"இல்லைத் தம்பி. நான் சொன்னதைத்தானே சொன்னனீங்கள். என்ரை தம்பியைப் பற்றிக் கதைச்சுப்போட்டு இருக்கேக்கை எனக்கு உண்மையாப் பயம் இல்லைத்தான்." கடிதத்தை வாங்கி மடித்தார். "இப்பத்தான் பயமாக் கிடக்கு. லோயர் கேட்டால் நீங்கள் வழக்குக்கு வந்து, தம்பியைப் பற்றிக் கேட்ட பிறகுதான் நான் அப்பிடிச் சொன்னனான் எண்டு சொல்லுவீங்களோ?"

வேலை போய்விடும் என்று எனக்குப் பயம்.

"மொழிபெயர்க்கிற எங்களுக்குச் சாட்சி சொல்லத் தடை அண்ணை" என்றேன்.

அப்படி ஒரு தடை இருந்ததா என்று நான் ஒருநாளும் விசாரித்துப் பார்த்ததில்லை.