ரத்து செய்யப்பட்ட ஆலை

காலை ஆறு ஐம்பதுக்கு நான் முதலில் பார்த்தது ஒரு பூட்டு. துணி சுற்றி, சிவப்பு அரக்கு ஊற்றி, முத்திரை குத்தியிருந்தார்கள். கதவில் ஒட்டிய தாளில் 'உரிமம் ரத்து செய்யப்படுகிறது' என்று இருந்தது. எம். புதுப்பட்டிக்குச் சற்றுத் தள்ளி ஒரு பட்டாசு ஆலை. அறைகளில் அளவுக்கு மேல் ஆட்களை உட்கார வைத்ததற்காக நடவடிக்கை. இரண்டாயிரத்துகளின் பிற்பகுதி, தீபாவளி சீசன். அந்தச் செய்தியை நான்கு வரியில் எழுதியவன் நான்தான். படம் எடுக்கப் போயிருந்தேன்.

பேருந்து ரத்தானால் பேருந்து வராது. கூட்டம் ரத்தானால் நாற்காலிகளை அடுக்கிவிடுவார்கள். பட்டாசு ஆலையின் உரிமம் ரத்தானால் வேலையாட்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வர வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கதவைத் தாண்டி, ஆலையின் பின்பக்கக் கருவேல மரங்களுக்குள் பெண்கள் தூக்குச்சட்டிகளோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். போர்மேன் முள்கம்பி வேலியைக் கம்பால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"குனிஞ்சு வாங்க தாயி. சீலுப் பக்கம் மட்டும் யாரும் போயிராதீக. அரக்கு உதுந்துச்சுன்னா வம்பு."

"சீலுக்குக் குடுக்குற மரியாதையில பாதி எங்களுக்குக் குடுலே" என்றார் பட்டாசுச் சரம் பின்னும் ஒரு பெண்.

என்னைப் பார்த்ததும் போர்மேன் சிரித்தார். "ரத்து கதவுக்குத்தான் அண்ணாச்சி. ஆர்டருக்கு இல்ல."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ரத்துன்னதும் வருகை நோட்டையும் எடுத்து ஒளிச்சிட்டாக சார். எங்க பேரு எதுலயும் இல்ல. உள்ள ஒண்ணு ஆச்சுன்னா, நான் இங்கன வேலைக்கு வந்தவன்னு யாரு சொல்லுவா?"

நான் பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். பத்திரிகையில் வந்ததும் அந்தப் படம்தான்.

ஒன்பதாம் நாள் வெடிமருந்து அறை வெடித்தது. சரம் பின்னும் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளும் கருகின.

விசாரணைக்கு வந்த அதிகாரி பத்திரிகைக்காரர்களான எங்களைக் கதவருகே அழைத்துப் போய்ப் பூட்டைக் காட்டினார். "முத்திரை அப்படியே இருக்கு, பாருங்க. ரத்தான ஆலையில எப்படி வேலை நடக்கும்? அந்தம்மா விறகு பொறுக்க வந்திருக்கு." தன் கையால் ஊற்றிய அரக்கு என்பதால் குரலில் ஒரு பெருமை. போர்மேன் பக்கத்தில் நின்று தலையாட்டினார். பின்பக்க வேலியில் அதற்குள் புதுக் கம்பி கட்டியிருந்தார்கள். அதிகாரி அந்தப் பக்கம் போகவில்லை; செருப்பில் முள் ஏறுமாம்.

தை மாதம் ஒரு குறிப்பு வந்தது: 'ரத்து உத்தரவு ரத்து செய்யப்பட்டது.' அதற்கும் நான்கு வரி ஒதுக்கினோம். விசாரணை அறிக்கையில் அந்தப் பெண் விறகு பொறுக்கப் போனவர்.

அவரைப் பார்க்க அச்சங்குளத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் வாயால் சொல்லச் சொல்ல, மகள் டீ போட்டாள். விபத்துக்கு முந்தின வருஷமே அரசு கொடுத்த கேஸ் அடுப்பில்.