துரையின் பிலிமில் என் கை

ஐம்பதுகளின் நடுவில், மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் குடும்பம் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. பேக்டரியில் கொழுந்து உருட்டும் மெஷினில் வேலை. எஸ்டேட்டின் பந்தாட்டக் குழுவில் கோல் காக்கிற கோலி நான்தான். அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவர். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குக் கீழே இருந்த மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் பூசாரி. பங்குனித் திருவிழாவில் கரகம் அவர் தலையில்தான் ஏறும்.

அந்த வருஷம் ஐப்பசியில், பக்கத்து எஸ்டேட்டோடு கடைசி ஆட்டம். மழை பிடித்துக்கொண்டது. ஒரு கோல் நாங்கள் முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எங்கள் ஆள் ஒருவன் பந்தைக் கையால் தட்டிவிட, பெனால்டி கொடுத்துவிட்டார்கள். அடிக்க வந்தவன் முந்தின வருஷம் என் விலா எலும்பை உடைத்தவன். அன்றிலிருந்து அவனைக் கண்டால் எனக்குப் பயம். யாரிடமும் சொன்னதில்லை.

ஆட்டத்துக்கு முன் அப்பா என் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். மழையில் அது கரைந்து கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. என் கூட்டாளி பின்வரிசையில் ஆடுகிறவன், கிறிஸ்தவ வேதக்காரன். அவன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். கிட்டே வந்து, "பயமா இருந்தா சிலுவை போட்டுக்கோ மாப்ளே. எனக்கு அதுலதான் நடுக்கம் நிக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள். என் கையும் அப்படியே போய் வந்துவிட்டது. அடுத்த கணம் பந்து நெஞ்சில் மோதி வெளியே உருண்டது. சேற்றில் கிடந்த என்னைத் தூக்கினார்கள். எல்லாருடைய கண்ணும் அடித்தவன் மேல்தான் இருந்திருக்கும், என்னை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எஸ்டேட் மானேஜரான வெள்ளைக்காரத் துரை ஒரு முழங்காலை ஊன்றி, சினிமா கேமராவைக் கண்ணில் வைத்திருந்தார். அவருக்கு மேல் குடை பிடித்திருந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அன்று சாயங்காலமே அப்பா லயம் முழுவதும் சொல்லிவிட்டார், மாரியாத்தாதான் என் நெஞ்சில் வந்து நின்றாள் என்று. பெண்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

அந்தப் பிலிமை நினைத்து நான் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் மேல் லயத்தில் ஒரு குடும்பம் வேதத்தில் சேர்ந்தது. அவர்களைக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை, அடுப்புக்கு நெருப்புக்கூட யாரும் கொடுக்கவில்லை. நாலு மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மனசைக் கலைத்து வேதத்தில் சேர்த்தது என் கூட்டாளிதான் என்று சிலர் இன்னும் கறுவிக்கொண்டிருந்தார்கள்.

பிலிமைக் கப்பலில் சீமைக்கு அனுப்பிக் கழுவி வரவேண்டும் என்றார்கள். தபால் சாக்கோடு மூணாறு பஸ் வரும்போதெல்லாம் பிலிம் வந்துவிட்டதா என்று போய்ப் பார்ப்பேன். கப்பல் முழுகினால் நல்லது என்றுகூட நினைத்திருக்கிறேன். ஒருநாள் அப்பா கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிடலாம் என்று போய், அன்றைக்குப் பெனால்டி அடிக்கும்போது என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, அம்மன் வந்து நின்றதை மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். சேர்ந்து பார்த்தால் சந்தேகப்படுவார்கள் என்று கூட்டாளியும் என்னோடு நடப்பதை விட்டுவிட்டான்.

மாசியில் பிலிம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேக்டரி மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில், ஜன்னல்களைச் சாக்கால் மூடிப் படம் காட்டினார்கள். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருந்தேன். அப்பா கம்பளியை உருவி எழுப்பி, முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

வெள்ளைத் துணியில் எங்கள் மைதானம் வந்தது. தங்கள் முகத்தைக் கண்டவர்கள் கத்தினார்கள். பிறகு நான் வந்தேன். கதவு அளவுக்குப் பெரிதாக என் கை எழுந்தது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். பந்து மோதியது. கைதட்டல் பாதியில் கலைந்து நின்றது. எங்கள் லயத்துச் சங்கதி தெரியாத துரைக்கு அந்த அமைதி புரியவில்லை. பிலிமைப் பின்னோக்கி ஓடவிட்டார். பந்து என் நெஞ்சிலிருந்து திரும்பிப் போக, என் கை தோளிலிருந்து நெற்றிக்கு ஏறியது. மறுபடி ஒருமுறை நேராக ஓட்டினார். பக்கத்தில் அப்பா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

மறுநாள் வேலை விட்டு மஸ்டரில் பேர் பதிந்து முடிந்ததும் கோயில் முன்னால் கூடினார்கள். தலைக்கங்காணி என்னை நடுவில் நிற்கச் சொன்னார். கூட்டாளி தூரத்தில் சவுக்கு மரத்தடியில் நின்றான். அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். அவன் ஓட முடியாதபடி நிற்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

"ஒனக்கு யாருலே இத சொல்லிக் குடுத்தது?" என்றார் கங்காணி.

சவுக்கு மரத்தின் பக்கம் பார்க்காமல் நின்றேன். ஒரு பெயரைச் சொன்னால் நான் தப்பிவிடலாம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"யாரும் சொல்லலங்கய்யா. பந்த அடிக்க வந்தவனக் கண்டு பயந்துட்டேன். பயத்துல கை தானாப் போயிருச்சு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். கங்காணி அதே கேள்வியை இன்னும் இரண்டு தடவை கேட்டார். நானும் அதையே சொன்னேன். அப்புறம் அப்பா எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என் மகன் பயந்தாங்கொள்ளிதான். பொய் சொல்ல மாட்டான்" என்றார். "இந்த வருசம் கரகத்த வேற ஆளு எடுக்கட்டும். இத்தோட விட்டுருங்க."

கங்காணி தலையாட்டினார். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சவுக்கு மரத்தடியில் நின்றவர்களும் போய்விட்டார்கள்.

அந்தப் பங்குனியில் மேல் லயத்துக்காரர் ஒருவர் கரகம் எடுத்தார். அப்பா கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார். அடுத்த வருஷம் அது அவருக்கே திரும்பி வந்தது. ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் அதற்கப்புறம் வாயைத் திறக்கவேயில்லை. வீட்டில் யாராவது ஆரம்பித்தாலும் எழுந்து போய்விடுவார். நான் பொய் சொன்னது தெரிந்தே எனக்காக அப்படிச் சொன்னாரா, நான் சொன்னதை நம்பினாரா என்று கேட்கப் பல தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். கேட்கப் பயமாகவே இருந்தது.