வீட்டின் வடக்கு

எழுபதுகளின் தொடக்கத்தில், மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பள்ளித் தோழனிடம் நல்ல கேமரா இருந்தது. என்னிடம் நானே கூட்டிய தொலைநோக்கி. இரண்டையும் சேர்த்துக் கட்டி, தெற்கே தாழ்வாகத் தெரியும் அகத்தியர் நட்சத்திரத்தைப் படம் எடுத்துவிடத் துடித்தேன். ஒரு வாரத்தில் அவன் கப்பலேறுவான், கேமராவும் கூடவே போய்விடும்.

வானம் நகர்வதால், பத்து நிமிடம் திறந்திருக்கும் கேமராவைக் கையால் திருகிக் கூடவே திருப்ப வேண்டும். அதற்கு, தொலைநோக்கியைத் தூக்கி நிற்கும் தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி இருக்க வேண்டும். காரைக்குடியில் அந்த நட்சத்திரம் அடிவானத்தைவிட்டு அதிகம் எழும்பாது, சோம்பேறி. அடுத்த வீட்டு மாடி அதை மறைத்தது. நான் கவலைப்படவில்லை. எங்கள் வீடு நூல் பிடித்துத் திசை பார்த்துக் கட்டியது, மொட்டைமாடிச் சுவர் சுத்தமான தென்வடல் என்று அப்பச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தகப்பனாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சுவரை ஒட்டி அச்சை வைத்தேன்.

படத்தைக் கழுவிப் பார்த்தால் நட்சத்திரமெல்லாம் சின்னச் சின்னக் கோடு. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் தப்பு சுவரில் போய்த்தான் நின்றது. சொன்னேன். கோளாறு என் தகரடப்பாவில் என்று சொல்லிவிட்டு அப்பச்சி என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் இருட்டியதும், மாடிப்படி அறையின் கூரைமேல் அவரே ஏறினார். நாங்களும் பின்னால் ஏறினோம். அங்கிருந்து பார்த்தால் அடுத்த வீட்டுக்கு மேலே துருவ நட்சத்திரம் தெரிந்தது, சுவர் காட்டிய திசையைவிட்டு நன்றாகவே தள்ளி. சுவரைப் பார்த்தார், நட்சத்திரத்தைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. என்னிடம் பேசாமல் தோழனிடம் சொன்னார்:

“வீட்டைத் திருப்ப முடியாது, தம்பி. உங்க எந்திரத்தை இங்குட்டுத் தூக்கிட்டு வாங்க.”

மூன்று பேருமாக அதை மேலே ஏற்றினோம்.

இந்தத் தடவை நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தன. அகத்தியர் நடுவில் பளிச்சென்று இருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் அடிப்பக்கத்தையே பார்த்தார். அங்கே எங்கள் தெற்குச் சுவர் இழுபட்டுக் கலங்கிக் கிடந்தது.

“என்ன இப்பிடி எடுத்துருக்கீக? நட்சத்திரமெல்லாம் நிக்குது. நம்ம வீடுல்ல ஓடுது.”

நிஜமும் அதுதான், பூமியோடு சேர்ந்து ஓடுவது வீடுதான். ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை அவர் வீட்டைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.