முட்டியைப் பார்க்காதவள்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில், எக்ஸ்ரே அறையைத் தாண்டினால் ஒரு நீளமான அறை இருக்கிறது. கதவைத் திறந்ததுமே பசை வாடை மூக்கைத் துளைக்கும். சர்க்கரையால் காலில் புண் வந்தவர்கள், விரல் எடுத்தவர்கள், மூட்டு இறுகிப்போனவர்கள், எல்லாருக்கும் அங்கேதான் செருப்பு. செய்கிறவளுக்கு நாற்பத்து நாலு வயது. இருபது வருஷமாக நோயாளிகள் அவளைச் செருப்பக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கும் இருக்கிறது. எங்காவது கையெழுத்துப் போடும்போதுதான் அது அவளுக்கே ஞாபகம் வரும்.

அவள் செய்கிற செருப்பு தரையில் தட்டையாக உட்காராது. முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டு, அடிப்பாகம் ஆடுகிற நாற்காலியின் கட்டை மாதிரி வளைந்திருக்கும். உள்ளே விறைப்பான தகடு ஒன்று இருப்பதால் மடங்கவும் மடங்காது. மடங்காத செருப்பில் எப்படி நடப்பதாம்? உருண்டுதான். குதிகால் பட்டதும் செருப்பே ஆளை முன்னால் உருட்டிவிடும். பெருவிரல் மடங்க வேண்டிய அவசியமே இல்லை. விரலுக்கு வேலை இல்லையென்றால் வலியும் இல்லை.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வளைவு எங்கே தொடங்க வேண்டும் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. செருப்பின் அடியில் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போடுவாள் செருப்பக்கா. கோட்டுக்கு முன்னால் இருப்பதையெல்லாம் சாணையில் கொடுத்துத் தேய்ப்பாள். கோடு பின்னால் இருந்தால் கால் சீக்கிரம் உருளும், விரல் தப்பிக்கும். முன்னால் போகப் போக விரல் மாட்டிக்கொள்ளும். தேய்த்து முடித்ததும் மேசைமேல் வைத்து, நுனியை ஒரு விரலால் அமுக்கி விடுவாள். இரண்டு ஆட்டம் ஆடி மூன்றாவதில் நிற்க வேண்டும். நிற்கவில்லையா, மறுபடியும் சாணைதான்.

"என்னக்கா இது, பின்னாலேருந்து யாரோ தள்ளுற மாதிரி இருக்கு" என்று எவர் முனகினாலும் அவளிடம் ஒரே பதில்தான்.

"பழகிடும்."

சும்மா சொல்லக்கூடாது, பழகத்தான் செய்தது. வருஷக்கணக்கில் ஆறாத புண்களெல்லாம் அவள் போட்ட கோட்டில் ஆறின. ஆனால் அதற்காக யார் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள்? கும்பிடெல்லாம் சீட்டு எழுதிய டாக்டருக்குப் போனது. அதுகூடப் பரவாயில்லை. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒருவராவது எங்கேயாவது வேகமாகப் போனதுண்டா? கட்டிலிலிருந்து கழிவறை, வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம். அதற்கு மேல் யாரும் போனதில்லை. என்றைக்காவது நல்ல காலுக்கு ஒரு செருப்பு செய்ய வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை அவள் மனசில் கிடந்து புழுங்கிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

அவளுக்கு ஒரே தங்கை. பதினைந்து வயது இளையவள். வீட்டில் சின்னவள் என்பார்கள். சின்னவள் நடைப்போட்டிக்காரி. இருபது கிலோமீட்டர், அதுவும் ஓடாமல் நடக்க வேண்டும். இடுப்பை வெட்டி வெட்டி அவள் பயிற்சிக்குப் போகும்போது தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். "அவசரமா போகணும்னா எங்க வீட்டுக் கழிவறை காலியாத்தான் இருக்கு" என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் ஒரே ஜோக்கைச் சொல்லுவார். அவள் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள். அந்தப் போட்டியில் இரண்டு சட்டம் உண்டு. ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்வைத்த காலின் முட்டி, தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடம்பு அதற்கு நேர் மேலே வரும்வரை மடங்கவே கூடாது. வழி நெடுக நடுவர்கள் நின்று வெறுங்கண்ணால் பார்ப்பார்கள். மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதிவிட்டால் ஆள் வெளியே.

பத்து வருஷத்தில் சின்னவள் ஒரு சிவப்பு அட்டைகூட வாங்கியதில்லை. "வேகம்தான் கொஞ்சம் பத்தல. நடையில ஒரு சொட்டை சொல்ல முடியாது" என்பார் அவளுடைய பயிற்சியாளர்.

பகலில் அவள் குடிநீர் வாரியத்தில் ஒப்பந்த ஊழியர். வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்ப்பாள். தேர்வுப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் வாரியத்தின் விளையாட்டு அணியில் நிரந்தர வேலை. ஆனால் முப்பது வயதுக்குள் வர வேண்டும். சின்னவளுக்கு இருபத்தொன்பது முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இதை விட்டால் அடுத்து கிடையாது.

பார்த்துப் பார்த்து அந்த வருஷம்தானா அது வர வேண்டும்! வலது பெருவிரல் மூட்டு இறுகிவிட்டது. காலையில் எழுந்தால் விரல் கட்டைபோலக் கிடக்கும். பத்தாவது கிலோமீட்டரில் கண்ணில் தண்ணீர் வரும். வீட்டில் மூச்சு விடாமல் மறைத்தாள். ஆனால் யாரிடம்? இருபது வருஷம் கால்களையே பார்த்துப் பழகியவளிடமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வாசலில் கழற்றிப்போட்ட ஷூவைச் செருப்பக்கா கையில் எடுத்தாள். வலது ஷூவின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

"ஏண்டி, எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"என்ன கூத்து?"

"விரலை ஊனாம ஓரத்துல நடக்கறியே, அந்தக் கூத்து. காட்டு காலை."

விரலைப் பிடித்து மேலே தூக்கியதும் சின்னவள் உதட்டைக் கடித்தாள். அக்கா விரலை மெல்ல இறக்கி வைத்தாள். பதற்றத்துக்குப் பின்னாலேயே, வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் அவள் மனசில் எட்டிப்பார்த்தது. ஆமாம், சந்தோஷம்தான். நோகிற விரலும் வேகமாக நடக்கிற காலும் ஒரே ஆளிடம் அவள் கைக்கு வந்துவிட்டதே!

"நான் செஞ்சு தரேன். நீ பாரு."

பதினெட்டு நாள் ஆனது. நல்ல எடையற்ற ஃபோம் வாங்கி, புது ஷூ ஒன்றின் அடியில் ஒட்டி, தகடு வைத்து, கோடு போட்டாள். எங்கே போட்டாள்? கை பழகிய இடத்தில்தான். பாதத்தின் முன்மேட்டுக்கு ஒரு விரற்கடை பின்னால், நோயாளிகளுக்குப் போடுகிற அதே இடம். பிறகு சாணை. இரண்டு ஆட்டம், மூன்றாவதில் நின்றது.

முதல் நாளே சின்னவள் ஆறு கிலோமீட்டர் வலியில்லாமல் நடந்துவிட்டு வந்து அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அக்கா, கால் தானா போவுது! நான் சும்மா மேல உக்காந்து போற மாதிரி இருக்கு!" மூன்றாவது வாரம் இருபது கிலோமீட்டரில் மூன்று நிமிஷம் குறைந்தது. பயிற்சியாளர் ஸ்கூட்டரில் கூடவே வந்து நிறுத்துகடிகாரத்தைப் பார்ப்பவர். கடிகாரத்தை மட்டும் பார்ப்பவர். "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்மா" என்றார். செருப்பக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அறையில் பசை கலக்கும்போதுகூட முணுமுணுவென்று பாடினாள்.

போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சின்னவள் செருப்பு அறைக்கே வந்தாள். மதிய நேரம், வரிசையில் யாரும் இல்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். காலை வெக்கும்போது முட்டி லேசா இறங்கிடுது."

"எந்த முட்டி?"

"வலதுதான். நான் நீட்டித்தான் வெக்கறேன். நீ செஞ்சது உருள ஆரம்பிச்சதும் தானா இளகிடுது."

"பழகிடும்."

"விளையாடாதக்கா. கோட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிப் போட்டுக் குடேன்."

"தள்ளினா விரல்ல பாரம் விழும். வலிக்கும்."

"வலிச்சா வலிக்கட்டும். நான் தாங்கிப்பேன்."

செருப்பக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபது வருஷத்தில் இந்த அறைக்கு வந்து வலியைக் கொடு என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? "வலியோட நடக்கறதுக்கு நான் எதுக்குடி? தெருமுனைக் கடையில போய் வாங்கிக்க. மூணு நிமிஷம் குறைஞ்சுதா இல்லையா? உங்க சார் என்ன சொன்னாரு? அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

சின்னவள் கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த யாருடைய செருப்பையோ அமுக்கி ஆட விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். அக்கா சொன்னால் கேட்டுக்கொள்வது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

போட்டி நடந்தது நீளமான நேர்ச்சாலை ஒன்றில். ஒரு கிலோமீட்டர் போய், ஒரு கிலோமீட்டர் திரும்பி, அப்படிப் பத்துச் சுற்று. செருப்பக்கா விடுப்புப் போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, தண்ணீர் கொடுக்கும் மேசையருகே நின்றாள். பக்கத்தில் ஒரு கரும்பலகை. யாருக்காவது சிவப்பு அட்டை விழுந்தால் அவர் எண்ணும் குற்றத்தின் குறியும் அதில் ஏறும். மடங்கிய முட்டிக்கு, மடக்கிய கை மாதிரி ஒரு கூரான குறி.

மூன்றாவது சுற்றில் சின்னவள் இரண்டாம் இடத்துக்கு வந்தாள். "பாருங்க, பாருங்க, அந்த ஷூ நான் செஞ்சது!" என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள் செருப்பக்கா. நான்காவது சுற்றில் பலகையில் ஓர் எண் ஏறியது. சின்னவளுடைய எண். பக்கத்தில் அந்தக் கூரான குறி.

"எழுதுறவனுக்குக் கண்ணு தெரியலையா? பத்து வருஷமா அவ ஒண்ணு வாங்கினதில்ல!" என்று செருப்பக்கா கத்தினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த முறை தங்கை கடந்தபோது செருப்பக்கா வாழ்நாளில் முதல்முறையாகப் பாதத்தை விட்டுவிட்டு மேலே பார்த்தாள். இடது கால் கம்பி மாதிரி நின்றது. வலது கால் வந்து ஊன்றியது. ஊன்றிய மறுகணமே ஷூ உருண்டது. அதைப் பிடித்து நிறுத்த ஷூவின் அடியில் முன்பகுதி இல்லை, அதைத்தான் சாணையில் கொடுத்துத் தேய்த்தாகிவிட்டதே. முட்டி ஒரு துளி இளகியது. புண்ணுள்ள காலுக்கு வரம் அது, அதிர்ச்சி இல்லாமல் இறங்கும். இங்கே அதற்குப் பெயர் குற்றம்.

"முட்டி! முட்டியை நீட்டுடி!" என்று மேசையைச் சுற்றி ஓடிவந்து அலறினாள்.

"நீட்டித்தான் வெக்கறேன்!" என்று சின்னவள் திரும்பாமலே கத்திவிட்டுப் போனாள்.

ஏழாவது சுற்றில் இரண்டாவது சிவப்பு. சின்னவள் வேகத்தைக் குறைத்தாள். மூன்றாம் இடத்துக்குப் போனாள். இரண்டாம் இடம் இல்லையென்றால் வேலை இல்லை. மறுபடியும் கூட்டினாள். வேறென்ன செய்வாள்? ஒன்பதாவது சுற்றின் முடிவில் மறுபடி இரண்டாம் இடத்தில் வந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது அட்டையும் விழுந்துவிட, தலைமை நடுவர் சாலைக்குள் இறங்கி அவள் முகத்துக்கு நேரே சிவப்புப் பலகையை நீட்டினார். இன்னும் இரண்டே கிலோமீட்டர்தான் பாக்கி. அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, "சாரிம்மா" என்றுகூடச் சொன்னார்.

சின்னவள் சாலையோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அக்கா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கழற்றிய ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விரல் வலிக்குதாடி?" என்றாள் கடைசியில். இவ்வளவுக்குப் பிறகும் அவளுக்குக் கேட்கத் தெரிந்தது அதுதான்.

"இல்லக்கா. வலியே இல்ல." சின்னவள் அழவில்லை. "நான் தாங்கிப்பேன்னு சொன்னேன்ல."

மறுநாள் செருப்பக்கா வேலைக்குப் போனாள். வரிசையில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் அவள் செய்த செருப்பைப் போட்டுக்கொண்டு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கச் சொன்னாள். எதற்கென்று அவர்களுக்குப் புரியவில்லை, நடந்தார்கள். எல்லார் முட்டியும் இளகியது. இருபது வருஷமாக இளகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவளை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சின்னவள் சாதாரண ஷூவுக்குத் திரும்பி மீட்டர் பார்க்கப் போனாள். முப்பது வயது ஆனது. மாடிப்படி ஏறி இறங்கியதில் விரல் மோசமாகி, அடுத்த வருஷம் டாக்டர் மூட்டைத் திறந்து, தகடு வைத்து, இனி மடங்கவே மடங்காதபடி இணைத்துவிட்டார். இந்த ஒன்றரை வருஷமும் அக்காவிடம் அவள் சண்டை போட்டதில்லை. வருவாள், சாப்பிடுவாள், அக்கா புருஷனிடம் நாலு வார்த்தை பேசுவாள், போவாள். அந்த அமைதிதான் செருப்பக்காவை உள்ளுக்குள் அரித்தது.

கட்டுப் பிரித்த வாரம், சீட்டும் வரிசை எண்ணுமாகச் சின்னவள் செருப்பு அறைக்கு வந்தாள். ஏழாம் எண். மற்ற ஆறு பேரும் முடியும்வரை பெஞ்சில் காத்திருந்தாள். அவளுடைய அளவு அச்சு பழைய அலமாரியில் இன்னும் இருந்தது. செருப்பக்கா அதை எடுத்துத் தூசி தட்டி, ஃபோமை வெட்டி, ஒட்டி, கவிழ்த்து வைத்தாள். பென்சிலைக் கையில் எடுத்தாள். கை நின்றுவிட்டது. எந்த நோயாளியிடமும் அதுவரை கேட்டிராத ஒன்றை அவள் கேட்டாள்.

"கோட்டை எங்கடி போடட்டும்?"

சின்னவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வேணா போடுக்கா. இனிமே என் முட்டியை யாரு பாக்கப் போறா?"

செருப்பக்கா பழைய இடத்திலேயே கோட்டைப் போட்டாள். தேய்த்து முடித்து, மேசைமேல் வைத்து அமுக்கி விட்டாள். இரண்டு ஆட்டம் ஆடி, மூன்றாவதில் நின்றது.