சூடு என்றது கண்ணாடி

காலை ஐந்தரைக்கு மாதவரத்தில் திருப்பதி பஸ் ஏறினேன். முந்தின நாள் முழுக்க படம் காட்டும் கண்ணாடி ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததன் பலன், ஊத்துக்கோட்டை தாண்டியதும் தெரிய ஆரம்பித்தது. பனைமரங்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பலகைகள் மிதந்தன. எழுத்து எதுவும் இல்லை, வெறும் பலகைகள். நாகலாபுரத்து மலை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. ஜன்னல் பக்கம் கையை நீட்டி அந்த மலையைக் கொஞ்சம் இடது புறமாக நகர்த்தி வைக்கலாம் என்று தோன்றியது. நகர்த்தியே இருப்பேன், பக்கத்துச் சீட்டுக்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டியில இன்னா, மிக்சியா?" என்றார். நாராயணவனத்தில் இறங்கவேண்டியவர். மடியிலிருந்த என் பெட்டிதான் அவருக்கு ஊர் வரும்வரை பொழுதுபோக்கு.

"கண்ணாடி."

"கண்ணாடிக்கு இம்மாம் பெரிய பொட்டியா?"

என் தொழிலை என் வீட்டுக்காரருக்கே இன்னும் சரியாக விளக்க முடிந்ததில்லை. ஆனாலும் அவரிடம் சொன்னேன். இதை மாட்டிக்கொண்டால் எதிரில் இருக்கிற நிஜமான அறை அப்படியே தெரியும், அதன்மேல் அம்பு, வட்டம், எழுத்து என்று நாங்கள் வரைந்தவையும் தெரியும். கலப்பு மெய்ம்மை என்பார்கள். எந்த வட்டம் எங்கே மிதக்கவேண்டும், எவ்வளவு பெரிதாக, என்ன நிறத்தில் என்று முடிவு செய்வது என் வேலை. அவர் பொறுமையாகக் கேட்டார். "இல்லாதத காட்டுறீங்க" என்றார். இறங்கும்போது பெட்டி மேல் படாமல் ஒடுங்கிக்கொண்டு போனார்.

ஒன்பதரை மணிக்குத் திருப்பதி. மொட்டையும் சந்தனமுமாகக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு மலையேறாமல் போவதற்கு அம்மாவிடம் என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பதினைந்து ரூபாய் டீயைக் குடித்தேன். பிறகு சித்தூர் பஸ். நான் இறங்கவேண்டிய புத்தலப்பட்டுக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் என்றார் கண்டக்டர். சந்திரகிரிக் கோட்டையும் பாறைக் குன்றுகளும் மாந்தோப்புகளும் அரைத் தூக்கத்தில் வந்து வந்து போயின. ஒரு திருப்பத்தில் மாம்பழ வாசனை பஸ்ஸுக்குள் ஏறியது. அது கடைசிவரை இறங்கவே இல்லை.

மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தது. வாசலில் கிளிமூக்கு மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன, ஓட்டி வந்தவர்கள் அடியில் துண்டு விரித்துத் தூங்கினார்கள். உள்ளே ஒரே ஆவி. ஆவிக்கு நடுவே மஞ்சளாக ஏதோ கொதித்தது. நான் வரைந்த படங்களைவிட அந்த இடமே கனவில் வருவதைப்போல இருந்ததால், கொஞ்ச நேரம் வந்த வேலையை மறந்து நின்றேன்.

வந்த வேலை ஒரு புகார். கூழைக் காய்ச்சும் பெரிய நீராவிக் கொப்பரையை அங்கே கெட்டில் என்கிறார்கள். அதை இயக்கப் பழக்குவதற்கு எங்கள் கண்ணாடியை வாங்கியிருந்தார்கள். தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு பதிப்புகள். தமிழ்ப் பதிப்பில் பழகுகிறவர்கள் மட்டும் தொடக்கூடாத இடத்தைத் தொட்டுவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார் மேலாளர் பாஸ்கர்.

"உங்க கண்ணாடி பாகானே இருக்குது மேடம்," என்றார் அவர், தெலுங்கும் தமிழும் பிசைந்து. "தெலுங்கு பேட்ச் அந்தரும் பாஸ். நகரி பக்கத்து ஆளுங்கதான், செப்பினா வினரு."

கண்ணாடி நன்றாகவே இருக்கிறதாம், தெலுங்கு அணியில் எல்லாரும் பாஸாம், தமிழ் பேசும் நகரிப் பக்கத்து ஆட்கள்தான் சொன்னால் கேட்கமாட்டார்களாம். நானும் மரியாதைக்குத் தலையாட்டி வைத்தேன்.

நகரிப் பக்கத்து ஆளாக அன்று என் முன் நின்றவர் சுமதி. விஜயபுரம் பக்கம் ஊர், அங்கே ஒரு சின்ன மகள், வீட்டில் தமிழ், படித்ததெல்லாம் தெலுங்குப் பள்ளியில். மாம்பழக் காலத்தில் மட்டும் இங்கே வந்து தோல் சீவுகிறவர். மாங்காய்ப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. கெட்டில் வேலை கிடைத்தால் வருஷம் முழுக்கச் சம்பளம், பருவம் முடிந்ததும் வீட்டுக்குப் போகவேண்டாம். மூன்று முறை தேர்வு. இரண்டு முறை தோற்றுவிட்டார். மூன்றாவது மறுநாள் காலை, நிஜமான நீராவி ஓடும் கெட்டிலில். அங்கே கையை வைத்தால் வேலை மட்டுமா போகும்?

பழக்குவதற்கு வைத்திருந்த ஆறிப்போன பழைய கெட்டிலில் அவரை ஒருமுறை செய்துகாட்டச் சொன்னேன். அவர் பார்ப்பது என் மடிக்கணினியிலும் தெரிந்தது. பச்சை அம்பு போன இடத்துக்கெல்லாம் கை அழகாகப் போயிற்று. மூடியைத் திறந்தார், துடுப்பை ஓடவிட்டார். அடிக்குழாய்ப் பக்கம் போனதும் என் சிவப்பு வட்டம் குழாயைச் சுற்றி எரிந்தது. எங்கள் குரல் வந்தது: "சூடு."

அந்தக் குரலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மற்றதெல்லாம் அம்பும் வட்டமுமாக இருக்க, அது ஒன்றுக்கு மட்டும்தான் வாய்ச்சொல் வைத்தேன். ஆபத்துக்கு ஒரு சொல் போதும், நீட்டி முழக்கக்கூடாது என்பது என் கட்சி. அந்த ஒரு சொல்லுக்காகச் சென்னையில் ஒரு பெண்ணை அரை நாள் பேசவைத்துப் பதிவு செய்தோம்.

"சூடு" என்று கேட்டதும் சுமதி குனிந்தார். முகத்தைக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். குரல் மறுபடி சொன்னது. இன்னும் கிட்டே போனார். சமாளித்து நிற்க இடது கை தானாகக் குழாயைப் பிடித்தது. திரையில் 'தொட்டார்' என்று விழுந்தது.

கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும் மேடம், தப்பு," என்றார். குரலில் அழுகை இல்லை, களைப்புதான் இருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பெரிய சிவப்பு வட்டம், காதுக்குள் குரல், இதற்குமேல் ஒரு மனுஷிக்கு என்னதான் செய்வது என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டே சாப்பிடப் போனேன்.

மதியம் வேப்பமரத்தடியில் பெண்கள் தூக்குவாளிகளைத் திறந்தார்கள். சுமதி எனக்கும் ஒரு தட்டு வைத்தார். "துன்னுங்க மேடம், வேர்க்கடலைத் தொவையல்தான்." பக்கத்தில் ஒரு தெலுங்குப் பெண், ஊரில் விட்டுவந்த குழந்தையின் வீடியோவைப் போனில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். போனைச் சுமதி பக்கம் நீட்டினாள்.

"சூடு, சூடு, எட்ல நவ்வுத்துந்தோ."

பாரு, பாரு, எப்படிச் சிரிக்கிறது என்று. சுமதி குனிந்தார். முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். விழாமலிருக்க இடது கையைத் தரையில் ஊன்றினார். காலையில் கெட்டிலுக்கு முன்னால் குனிந்த அதே குனிதல்.

கையிலெடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். புத்தகத் தெலுங்கில் 'பார்' என்பதற்கு ச்சூடு என்று அழுத்திச் சொல்வார்கள். இந்தப் பக்கத்து வாயில் அந்த அழுத்தம் கரைந்து அது நம்முடைய சூடாகவே ஆகிவிடுகிறது.

"சுமதி, அந்தக் கண்ணாடி உங்ககிட்ட என்ன சொல்லுது?"

"பாருன்னு சொல்லுது மேடம். வட்டம் போட்டு, இங்க பாரு இங்க பாருன்னு சொல்லிக்கினே இருக்குது. பாத்தா தப்புன்றாங்க."

"அது தமிழ், சுமதி. கொதிக்குதுன்னு அர்த்தம்."

"தமிழா அது?" என்றார். "இங்க மிஷினுகிட்ட பேசுறதெல்லாம் தெலுங்குதான மேடம். அதுவும் தெலுங்குன்னுதான் நென்ச்சிக்கினு இருந்தேன். கொதிச்சா சுடுதுன்னு சொல்லணும். சூடுன்னு மொட்டையா சொன்னா?"

தெலுங்குப் பதிப்பில் நாங்கள் வைத்த சொல் 'வேடி'. அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. தமிழ்ப் பதிப்புக்கு அகராதியைப் பார்த்துச் சுருக்கமான சொல்லாக எடுத்தவள் நான். வட்டம் வரைந்து, அதைப் பார் என்று அவர்கள் காதுக்குத் தெலுங்கில் கட்டளையும் போட்டுவிட்டு, பார்த்தவர்களைக் கவனக்குறைவு என்று பதிவு செய்திருக்கிறோம்.

"உங்க பொண்ணு அடுப்புகிட்ட போனா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"'சுட்டுடும், கைய எடு'ம்பேன். வேற இன்னா சொல்றது?"

மூன்று மணிக்கு, அவர் குரலிலேயே அதைப் பதிவு செய்ய, சத்தம் குறைவாக இருக்கும் என்று காவலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். வெளியே டிராக்டர்கள் உறுமும்போது நிறுத்தி, அடங்கியதும் தொடர்ந்தோம். என் போனுக்கு முன்னால் உட்கார்ந்ததும் சுமதி வானொலிக்காரரைப் போல விறைத்துக்கொண்டார். மகள் எதிரில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்த முறை அவர் சொன்னபோது மேஜையிலிருந்த என் கை தானாகப் பின்வாங்கியது. அதையே எடுத்துக்கொண்டேன். வட்டத்தையும் அழித்து, குறுக்குக் கோடுகளாக வரைந்தேன். வட்டம் கண்ணைக் கூப்பிடுகிறது, கோடு தள்ளி நிறுத்துகிறது. இதெல்லாம் தெரிந்த விஷயம்தான், தெரிந்துகொண்டேதான் வட்டம் போட்டிருந்தேன்.

சித்தூர் லாட்ஜில் படுத்ததும் உறங்கிவிட்டேன். கனவில் மஞ்சள் ஆவிக்குள் பலகைகள் மிதந்தன. ஒவ்வொன்றும் ஏதோ சொன்னது, எந்த மொழி என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு. கெட்டில் உறுமிக்கொண்டிருந்தது, நீராவி நிஜமாகவே சீறியது. சுமதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பாஸ்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு சொல்லை மாற்றிவிட்டால் பழகிப்போன உடம்பு மாறிவிடுமா? அடிக்குழாய்ப் பக்கம் கை போயிற்று. அவருடைய காதுக்குள் அவருடைய குரலே அவரை அதட்டியிருக்கவேண்டும், கை சட்டென்று திரும்பிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு கைப்பிடியைத் திருகினார். ஆவிக்குள் அவர் உதடு அசைந்தது, சிரித்தாரா என்று தெரியவில்லை. திரையில் எந்தத் தப்பும் விழாமல் முடிந்தது.

"பாஸ்," என்றார் பாஸ்கர். முந்தைய இரண்டு தோல்விகளும் கண்ணாடியின் பிழை என்று அலுவலகத்தில் வைத்து அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒத்துக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பெட்டியைக் கட்டினேன். சுமதி அறைக்குள் வந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார், ஆனால் கையில் போனை வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"மேடம், எங்க ஊர் வள்ளி எனக்கு முன்ன இத்த பண்ணிச்சு. மூணு வாட்டியும் கைய வெச்சிடுச்சி, அப்ப மூணும் ஆறுன கெட்டில்லதான். பாருன்னுச்சு, பாத்தேன்னு அதுவும் சொல்லிச்சு, யாரும் நம்பல. கவனம் இல்லாதவன்னு தோல் சீவுற வேலையிலேர்ந்தும் அனுப்சிட்டாங்க. இப்ப கழனியில கூலிக்கு நடவு நட்டுக்கினு கீறா. நீங்க ஒரு வார்த்த சொல்றீங்களா?"

போனை வாங்கிக்கொண்டேன். மறுமுனையில் தண்ணீர்ச் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன. நான் யார் என்று சொன்னேன். "தப்பு உங்க மேல இல்ல வள்ளி. கண்ணாடியில இருந்தது என் தப்பு," என்றேன்.

"சரிம்மா," என்றாள் வள்ளி. பிறகு, "அப்போ என்னிய திரும்பக் கூப்டுவாங்களா?"

போனைக் காதிலிருந்து எடுத்து, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பாஸ்கரிடம் அதையே கேட்டேன்.

"சூஸ்தாம்லே மேடம்," என்றார் அவர்.

பார்க்கலாம் என்று அர்த்தம். அந்தச் சொல்லில் மட்டும் எங்கள் யாருக்கும் குழப்பமே வரவில்லை. சுமதி தரையைப் பார்த்தார். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"திருப்பதி பஸ் போயிடும் மேடம்."

"போகட்டும் சார். அடுத்தது வரும்."

மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு டிராக்டர் மாம்பழத்தைக் கொட்டிவிட்டுப் போனது, அடுத்தது வந்து நின்றது. பாஸ்கர் கெட்ட மனிதர் இல்லை, பழகிவிட்டவர். மேஜையில் இருந்ததையெல்லாம் ஒருமுறை ஒழுங்குபடுத்தினார். கடைசியில் கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினார்.

"வள்ளீ, சோமவாரம் ரா அம்மா. கெட்டில்கி," என்றார்.

திங்கட்கிழமை கெட்டிலுக்கு வா என்று. அவள் என்ன பதில் சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை. சுமதி மட்டும் சுவரோடு சாய்ந்துகொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் பலகைகள் எதுவும் மிதக்கவில்லை. மலைகள் அதனதன் இடத்தில் இருந்தன. சென்னையில் எங்கள் அலுவலகத்தில், எச்சரிக்கை வந்தால் மக்கள் எவ்வளவு சீக்கிரம் அதைத் தள்ளிவிடுகிறார்கள் என்பதைத்தான் ஓயாமல் பேசுவோம். என் வீட்டிலும் அப்படித்தான், படிக்காமலே ஒதுக்கிவிட்டுப் போவோம். சொன்னதை அப்படியே கேட்கும் மனிதர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வள்ளி கேட்டாள். மூன்று முறையும் கேட்டாள். அதற்காகத்தான் அவளை அனுப்பினார்கள். நாகலாபுரம் தாண்டும்வரை எனக்கு அழுகை அடங்கவில்லை.