உப்புக் காற்றில் ஒரு ஹாலி செடி

பெரிய முதலியார்சாவடிப் பக்கத்து நர்சரியில் அந்தச் செடியைக் கையில் எடுத்ததுமே கடைக்காரர் என் ஊரைக் கேட்டுக்கொண்டு சொல்லிவிட்டார்: "சார், இது ஹாலி. குளிர் ஊரு செடி. மரக்காணத்துல வராது."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். கணக்கு வராது, நீச்சல் வராது, தலையில் இனி முடி வராது என்று கேட்டுக் கேட்டு அலுத்த காது என்னுடையது. ஒரு செடி விஷயத்திலாவது எதிர்த்து நிற்கலாம் என்று தோன்றியது.

புத்தகங்களில் நான் படித்த ஹாலிக்கு முள் உண்டு, சிவப்புப் பழம் உண்டு. இந்தக் குட்டை ரகத்துக்கு இரண்டும் இல்லை. முழங்கால் உயரம், நெருக்கமாகச் சின்ன இலைகள், வருடம் முழுக்க ஒரே கரும்பச்சை. என் மனைவி தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "கறிவேப்பிலையா இருந்தாலாவது ரசத்துல போடலாம்" என்றாள்.

மக்கிய இலையும் மணலும் கலந்து, காலை வெயில் மட்டும் படும்படி கிழக்குச் சுவரோரம் வைத்தேன். அடர்த்தியாகத் தழைக்கட்டும் என்று நுனிகளைக் கிள்ளினேன். இலையில் படியும் உப்பை ஈரத்துணியால் துடைத்தேன். என் மூக்குக்கண்ணாடியை நான் அவ்வளவு சிரத்தையாகத் துடைத்தது கிடையாது. தண்ணீர்தான் காலை வாரியது. எங்கள் போர் தண்ணீர் உப்பு; அதை ஊற்ற ஊற்ற இலை விளிம்புகள் கருகின. கேன் தண்ணீரில் ஒரு சொம்பு ஊற்றினேன். மனைவி பார்த்துவிட்டாள். குடிக்கிற தண்ணீரைச் செடிக்குக் கொடுப்பதென்றால் என் பங்கைக் கொடுக்கலாம் என்றாள். கொடுத்தேன். போர் தண்ணீரை நான் குடித்தேன். நாக்கு என் வீம்புக்கு இசைந்தது, வயிறு இசையவில்லை.

மிச்சம் இருந்தது மழை. ஆனால் கோடையில் மழை வேண்டும் என்று எங்கள் ஊரில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. பாத்திகளில் உப்பு விளையும் காலம். ஒரு மழை அடித்தால் விளைந்தது கரையும், கூலி நிற்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவள் கணவரும் உப்பளத்துக்குத்தான் போகிறார்கள். தெருவே வெயிலை வேண்டிக்கொண்டிருக்க, நான் திருடன் மாதிரி மேகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பிற்பகல் மழை வந்தேவிட்டது. அவர்கள் இருவரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உப்புக் குவியலை மூட ஓடினார்கள். நான் மாடித் தண்ணீர் இறங்கும் குழாய்க்கு அடியில் பக்கெட், குண்டான், பழைய அன்னக்கூடை என்று வீட்டில் வாய் அகன்ற எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன்.

மழை விட்டதும் அவள் சொட்டச் சொட்டத் திரும்பினாள். வரிசையைப் பார்த்தாள்.

"எங்க பொழப்பு கரைஞ்சி ஓடுது. நீங்க குண்டான் வச்சி புடிக்கிறீங்களாண்ணா?"

"நான் கூப்ட்டா வந்துது?" என்றேன். நியாயமான பதில்தான். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் ஒரு பக்கெட்டையும் நகர்த்தவில்லை. இதைக் கீழே கொட்டினால் உப்பு திரும்பாது, செடிதான் சாகும் என்றும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் அளவுக்குத் துணிச்சல் இல்லை. தொட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் கருகிய இலை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். பூக்குமா என்று கேட்டாள். பூத்தால் கண்ணுக்குத் தெரியாது என்றேன். பழம்? கிடையாது.

"அப்புறம் இன்னாத்துக்கு இத்த வச்சினு மாரடிக்கிறீங்க?"

"வராதுன்னு ஒருத்தர் சொல்லிட்டாரும்மா."

"டிவியில கூடத்தான் மழ வராதுன்னு சொன்னான்."

சொல்லிவிட்டு உள்ளே போனவள் குடத்தோடு வந்தாள். இருந்ததிலேயே பெரிய பக்கெட்டைச் சாய்த்துக் குடத்தை நிரப்பினாள். இந்தத் தண்ணீரில்தான் பருப்பு மலர வேகுமாம். என்னைக் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை. மிச்சம் செடிக்குப் போனது.

இப்போதெல்லாம் வானம் இருட்டினால், தார்ப்பாயோடு ஓடும் அவசரத்திலும் தன் குடத்தை என் குழாய்க்கு நேர் கீழே வைத்துவிட்டுத்தான் ஓடுகிறாள். என் பக்கெட்டுகளுக்குச் சாரல்தான் கிடைக்கிறது. ஆனாலும் கருகிய நுனிகளுக்குக் கீழே புது இலை விட்டிருக்கிறது. உயரம் இன்னும் அதே முழங்கால்தான். நர்சரிக்காரர் பார்த்தால் இதையெல்லாம் வளர்ச்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். வேண்டாம். சாகவில்லை என்பதை மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.